நெஞ்சு நோவுக்கும் நிபுணருக்கும் இடையே எழுபது கிலோமீட்டர்

அம்பாறைக் கரையோரத்துத் தம்பிலுவிலில் இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால், வீட்டில் முதலில் எழும் சந்தேகம் வாய்வு. இஞ்சி அவித்துக் கொடுப்பார்கள். காஸ்டிக் குளிசை இருக்கிறதா என்று அலுமாரியைத் துழாவுவார்கள். விடிந்ததும் பார்க்கலாம் என்று நெஞ்சையும் முதுகையும் தடவிவிடுவார்கள். பக்கத்துத் திருக்கோவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, ஆட்டோவில் சில நிமிடப் பயணம். அதற்கு வடக்கே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை. இன்னும் வடக்கே கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். அதையும் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக, கரையோர நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கொழும்பு என்றால் ஓர் இரவுப் பயணம்.

இந்தத் தூரத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறோம். நிபுணர் இல்லை, இயந்திரம் இல்லை, கட்டடம் இல்லை என்று அரசியல்வாதிகளிடம் மனுக் கொடுக்கிறோம். மனுவில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு மாரடைப்பின் போக்கைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு இடைவெளிகள். நோவு தொடங்கியதற்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையே வீட்டுக்குள்ளேயே கரைந்துபோகும் மணித்தியாலங்கள் ஒன்று. அந்த இரவுக்கு முந்திய இருபது ஆண்டுகள் மற்றது. இரண்டையும் சுருக்க என்ன வழி என்பதற்கு ஆராய்ச்சி தெளிவான பதில்களைத் தந்திருக்கிறது. அவற்றுள் மிக முக்கியமான இரண்டு இலங்கை மண்ணிலேயே கிடைத்தவை. அவை தம்பிலுவில் போன்ற ஊர்களில் பேசப்படாமல் இருப்பது பெரிய இழப்பு.

இதயத்துக்கு இரத்தம் கொடுப்பவை முடியுரு நாடிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிக் கலங்களும் சேர்ந்து படியத் தொடங்குவது முதுமையில் நடப்பதல்ல. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரரின் உடல்களைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் 1953இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூவருக்கு முடியுரு நாடிகளில் அந்தப் படிவு ஏற்கெனவே இருந்தது. படிவு ஆண்டுக்கணக்கில் எந்த நோவும் தராமல் வளர்கிறது. பிறகு ஒரு நாள் அதன் மேற்தோல் கிழிகிறது. காயம் என்று எண்ணி உடல் அங்கே இரத்தத்தை உறைய வைக்கிறது. அந்தக் கட்டி நாடியை அடைக்கிறது, அடைபட்ட பக்கத்து இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்குகிறது. நாற்பத்தைந்து வயதில், வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த திடகாத்திரமான மனிதர் விழுந்துவிட்டார் என்று கேட்டு ஊர் திகைக்கிறது. அவருடைய நாடியில் அந்த வேலை அவரது இளமையிலேயே தொடங்கியிருந்தது.

தெற்காசியருக்கு இது இன்னும் முந்தி வருகிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் என்ற இருதயநோய் நிபுணர், 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் என்ற ஆய்வை நடத்தினார். முதல் மாரடைப்போடு வந்த ஏறக்குறைய 15,000 பேரையும், மாரடைப்பு வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. 2004இல் வெளியானது. இலங்கையும் அதில் பங்கெடுத்தது. புகையிலை, கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் காய்கறியும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து உலகின் பத்து முதல் மாரடைப்புகளில் ஒன்பதை விளக்கிவிடுகின்றன என்று அது காட்டியது. விதி, பரம்பரை, கண்ணூறு என்று நாம் விட்டுவிடும் பங்கு மிகச் சிறியது. அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வெளிவந்தது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஆறு ஆண்டுகள் பறிபோகின்றன. காரணிகள் அதே ஒன்பதுதான், நம்மிடையே அவை முந்தியே கூடிவிடுகின்றன.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் தாங்கள் சிகரெட் குடிப்பதில்லை என்று ஆறுதல் கொள்வதுண்டு. இன்டர்ஹார்ட் அதையும் கணக்கிட்டது. மெல்லும் புகையிலை மாரடைப்பு அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது.

இலங்கையின் நிலையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நாட்டு விவரத்தின்படி இங்கு நிகழும் மரணங்களில் 83 சதவீதம் தொற்றா நோய்களால் நேர்பவை. இருதய, இரத்தக்குழாய் நோய்கள் மட்டும் 34 சதவீதம். 2021இல் நடந்த தேசிய ஆய்வு, வளர்ந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று சொன்னது. மலேரியாவை ஒழித்த நாடு, தாய் சேய் மரணங்களைக் குறைத்ததற்காக உலகம் பாராட்டும் நாடு, பிரஷரிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. தொற்றுநோயை வென்ற அதே பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு நம் கையில் இருக்கும்போதே இது நடக்கிறது.

கரையோர அம்பாறையின் சாப்பாட்டு மேசையில் இந்த ஆபத்து எங்கே இருக்கிறது? நெல் விளையும் மண் இது. மூன்று வேளையும் சோறு, பிட்டு, இடியப்பம், ரொட்டி என்று மாவுச்சத்தே தட்டை நிரப்புகிறது. கறி தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு தாராளம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மத்தியானத்துக்குள்ளேயே அதைக் கடந்துவிடுபவர்கள் நம்மில் மிகப் பலர். பிளேன்டீக்குப் போடும் சீனியைக் கணக்கில் எடுப்பவர் யாருமில்லை. கல்யாண வீட்டுப் புரியாணியும் கோவில் அன்னதானமும் எப்போதாவது வருபவை, அவற்றைக் குற்றம் சொல்வது அநியாயம். ஆபத்து அன்றாடத்தில் இருக்கிறது. இந்தக் கடலில் மீனும், வீட்டு வளவில் முருங்கையும் கீரையும் பயறும் கிடைக்கும்போது, தட்டின் அளவுகளை மாற்றினாலே பாதி வேலை முடியும்.

அன்றாடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2004 கடற்கோளில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதற்கு முன்னும் பின்னுமாக நீண்ட போர். பிறகு வெளிநாட்டுக்குப் போன பிள்ளை, கடன், 2022இன் பொருளாதார நெருக்கடி. இன்டர்ஹார்ட் பட்டியலில் மன அழுத்தம் இடம்பெற்றிருப்பதை இந்தக் கரையில் வாழ்பவர்கள் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. தூக்கமில்லாத தாய்க்கும் பேச்சுக் குறைந்துபோன தகப்பனுக்கும் இரத்த அழுத்தம் அளந்து பார்ப்பது அவசியம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 2020 பெப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கோப்ரா பிபிஎஸ் என்ற ஆய்வின் முடிவு வெளியானது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் இரத்த அழுத்தமுள்ள 2,645 பேர். தலைமை தாங்கியவர் பேராசிரியர் தசீன் ஜாபர், இலங்கைப் பகுதியை வழிநடத்தியவர் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வா. பாதிச் சமூகங்களில் வழக்கமான கவனிப்பு. மறுபாதியில் அரசாங்கத்தின் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் அளந்தார்கள். உப்பு, உணவு, குளிசை பற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். எண் கூடியிருந்தால் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்தப் பணியாளர்கள் யார் தெரியுமா? நம் ஊர்களில் கர்ப்பிணித் தாய்மாரைத் தேடி வீட்டு வாசலுக்கு வரும் அதே குடும்பநல உத்தியோகத்தர்கள், நாம் மிட்வைஃப் என்று அழைப்பவர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் போன சமூகங்களில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் மற்றவற்றைவிட ஏறக்குறைய 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 5 புள்ளி என்பது ஒருவருக்குச் சின்ன மாற்றமாகத் தெரியலாம். ஒரு பிரதேசம் முழுவதற்கும் அது குறைந்தால் எத்தனை மாரடைப்புகளும் பக்கவாதங்களும் நேராமல் போகும் என்பதுதான் கணக்கு. புதிய மருந்து கிடையாது, புதிய இயந்திரம் கிடையாது. இருந்த ஆட்கள், இருந்த குளிசைகள், அவை போய்ச் சேர்ந்த வழி மட்டும் மாறியது.

இரண்டாவது ஆய்வு முழுக்க முழுக்க இலங்கையில் நடந்தது. 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளிகள், 2016 தொடக்கம் 2017 வரை. பெயர் ட்ரையம்ப். முடிவு 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பிரஷருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, போதாவிட்டால் அளவைக் கூட்டி, பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது வழக்கமான முறை. நோயாளி ஒவ்வொரு கிளினிக்குக்கும் வந்தால்தான் அது சரிவரும். இந்த ஆய்வில் மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதத்தினர் இலக்கு அளவுக்குள் வந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். கிளினிக் நாளில் விடியற்காலையே போய் இலக்கம் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் குந்தியிருந்து, மூன்று நான்கு வகைக் குளிசையோடு வீடு திரும்பும் ஒரு மூதாட்டிக்கு அந்த ஒற்றைக் குளிசையின் அருமை உடனே விளங்கும். எதை எப்போது போடுவது என்ற குழப்பத்திலேயே பலர் மருந்தைக் கைவிடுகிறார்கள்.

கைவிடுவதன் அளவு எவ்வளவு என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சலீம் யூசுப் குழுவின் இன்னோர் ஆய்வு 17 நாடுகளில் ஒன்றரை இலட்சம் பேரைப் பார்த்தது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அஸ்பிரின், கொலஸ்ட்ரோல் குறைக்கும் மருந்து போன்ற நான்கு வகை மருந்துகள் மறு தாக்குதலைத் தடுக்கும் என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை. வறிய நாடுகளில் அப்படிப்பட்டவர்களில் 80 சதவீதத்தினர் அந்த நான்கில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை என்று 2011இல் தெரியவந்தது. நம்மிடையே நடப்பதை வைத்துச் சொல்வதென்றால், ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், அடைப்பு எடுத்தாயிற்று, இனிக் குளிசை எதற்கு என்று நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் திறந்தது ஓர் இடத்தை. நோய் நாடி முழுவதிலும் இருக்கிறது.

இலங்கைச் சுகாதார அமைச்சு 2011இல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களைத் தொடங்கியது. 40 வயது முதல் 65 வரையானோருக்கு என்று ஆரம்பித்து, பின்னர் 35 வயதுக்கு இறக்கினார்கள். அங்கே இரத்த அழுத்தம், சீனி, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் வண்ண அட்டவணையை வைத்து அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். பச்சையில் இருப்பவருக்கு ஆலோசனை, சிவப்பில் இருப்பவருக்கு உடனடி மருந்து. இலவசம். திட்டம் அருமையானது. ஆனால் வருபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மாரடைப்பு முந்தி வருவதோ ஆண்களுக்கு. நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் மீனவர் கடலில், விவசாயி வயலில், கடைக்காரர் கடையில். வருத்தமில்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறுவது அபசகுனம் என்று நினைப்பவர்களும் உண்டு.

இந்தத் தடையை உடைத்த ஒரு முயற்சி லொஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்தது, 2018இல் வெளியானது. அங்கே கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் போவதில்லை, ஆனால் முடி வெட்டத் தவறாமல் போகிறார்கள். ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் 52 சலூன்களைத் தேர்ந்தெடுத்தார். பிரஷர் உள்ள 319 வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சலூனுக்கே மருந்தாளர் வந்து அளந்து, மருத்துவருடன் ஏற்பாடு செய்துகொண்டு அங்கேயே குளிசையும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. நாவிதர் அறிவுரை மட்டும் சொன்ன பகுதியில் 9 புள்ளி. ஆண்கள் வரமாட்டார்கள் என்று குறைசொல்வதை விட்டு அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனதால் வந்த வேறுபாடு.

நம் கரையில் ஆண்கள் கூடும் இடங்கள் எத்தனை! அக்கரைப்பற்றிலும் அட்டாளைச்சேனையிலும் நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் கூட்டம். தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிச் சடங்கு. திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம். கடற்கரையில் வள்ளம் தள்ளும் வாடி. நெல் கொள்வனவு நடக்கும் களம். கதிர்காமப் பாதயாத்திரை திருக்கோவில் வழியாகத்தான் பொத்துவிலுக்கும் உகந்தைக்கும் போகிறது. அதில் நடப்பவர்களில் முதியவர்கள் ஏராளம், காட்டுவழி நாட்கணக்கில் நடக்கப் போகிறவர்கள். அவர்களின் பிரஷரை அளந்து, குளிசையைப் பொதியில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு அனுப்புவது பெரும் புண்ணியம். நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை மாற்ற வேண்டுமா என்பதை நோன்புக்கு முந்திய மாதமே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தடவை சொன்னால் போதும், கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். கந்தசஷ்டி விரதகாரருக்கும் இது பொருந்தும்.

ஊரே சேர்ந்து இதயநோயைத் தோற்கடித்த இடம் ஒன்று உலகில் உண்டு. பின்லாந்தின் கிழக்கெல்லையில் வட கரேலியா, பால்பண்ணையும் மரவேலையும் செய்யும் ஏழைப் பிரதேசம். 1970களின் தொடக்கத்தில் உலகிலேயே மிக அதிகமாக ஆண்கள் மாரடைப்பால் இறந்த இடங்களில் ஒன்று அது. மக்களின் பிரதிநிதிகளே அரசாங்கத்திடம் மனுக் கொடுத்து உதவி கேட்டார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். இதயச் சத்திரசிகிச்சைப் பிரிவு ஒன்றைத் திறப்பதற்குப் பதிலாக, மாதர் சங்கங்களோடு சமையலறையில் நுழைந்தார். வெண்ணெய் குறைந்தது, உப்பு குறைந்தது, காய்கறி கூடியது, ஆண்கள் சிகரெட்டை விட்டார்கள், தாதியர் வீடுகளுக்குப் போய்ப் பிரஷர் அளந்தார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தம்பிலுவிலிலும் மாதர் சங்கங்கள் இருக்கின்றன, கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன, கோவில் பரிபாலன சபைகள் இருக்கின்றன. மனுக் கொடுக்கவும் நமக்குத் தெரியும். மனுவில் கேட்பது எது என்பதில்தான் மாற்றம் தேவை.

அப்படியானால் இருதயநோய் நிபுணர் எதற்கு? மிகவும் தேவையானவர். அவரது வேலையை அடைப்பு எடுப்பதோடு நிறுத்தி நினைப்பது நம் பார்வைக் குறைவு.

இந்தியாவின் முதல் பெண் இருதயநோய் நிபுணர் சி. பத்மாவதி ஒரு தமிழ்ப் பெண், பர்மாவில் 1917இல் பிறந்தவர். யுத்தத்தின்போது குடும்பத்தோடு தமிழகம் வந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஹெலன் டவ்சிக்கிடமும் ஹார்வர்டில் போல் டட்லி வைட்டிடமும் பயின்றார். 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது, நாட்டு மக்களுக்கு அந்த நோயைப் பகிரங்கமாக விளக்கி நடையையும் உணவையும் பற்றிப் பேசியவர் அந்த வைட். பத்மாவதி இந்தியா திரும்பி 1954இல் டெல்லியில் இருதயநோய்க் கிளினிக் தொடங்கினார், 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். வாத இதயநோய் ஏழைப் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்ததை நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். தொண்டைப் புண்ணைப் பென்சிலினால் ஆற்றினால் அந்தப் பிள்ளையின் இதய வால்வு கெடாமல் காக்கலாம் என்ற எளிய உண்மையை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனார். 103 வயதில் 2020இல் காலமானார். ஒரு நிபுணர் தன் கைக்கு வந்த நோயாளியை மட்டும் பார்க்காமல், வரப்போகும் நோயாளிகளையும் பார்த்தார் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. வாத இதயநோய்க்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நடுவில் விட்டுவிடும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி அந்த இரவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, தடுப்பு எவ்வளவு செய்தாலும் சிலருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். 1988இல் வெளியான ஐசிஸ் 2 என்ற ஆய்வு 417 வைத்தியசாலைகளில் 17,187 நோயாளிகளை வைத்து நடந்தது. அஸ்பிரின் மட்டும் கொடுத்தால் ஐந்து வாரத்துக்குள் நேரும் மரணம் 23 சதவீதம் குறைந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 25 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 42 சதவீதம். இரண்டுக்கும் இதய அறுவைக்கூடம் வேண்டியதில்லை. ஈசிஜி ஒன்றும், அதை வாசிக்கத் தெரிந்த கண்ணும், ஊசி மருந்தும், கண்காணிக்கும் தாதியும் இருந்தால் ஆதார வைத்தியசாலை மட்டத்திலேயே செய்யலாம். ஆனால் ஒவ்வொரு மணித்தியாலமும் பயனைக் கரைக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கரைக்கும் மருந்தால் பெரிய பலனில்லை. வாய்வென்று விடியும்வரை காத்திருந்த குடும்பம் அதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

தூரத்தைக் கையாளத் தமிழ்நாடு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது. கோயம்புத்தூரின் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று, 2012 முதல் 2014 வரை நான்கு இடங்களில், பெரிய இதய வைத்தியசாலை ஒன்றைச் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளை அதனோடு இணைத்தார்கள். நோயாளி முதலில் வந்து சேரும் சிறிய வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்து நிபுணருக்கு அனுப்புவது, கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுப்பது, பிறகு ஒரு நாளுக்குள் அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அஞ்சியோகிராம் பார்ப்பது. 2,420 நோயாளிகளின் கணக்கு 2017இல் வெளியானது. அஞ்சியோகிராம் பெற்றவர்கள் 35 சதவீதத்திலிருந்து 61 சதவீதமானார்கள். ஓராண்டு மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. 2023இல் தமிழ்நாட்டு அரசு இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அஸ்பிரின் உள்ளிட்ட முதல் வேளைக் குளிசைகளை வைக்கத் தொடங்கியது.

இந்த மாதிரி கரையோர அம்பாறைக்காகவே வரைந்தது போல இருக்கிறது. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் பொத்துவில் முதல் கல்முனை வரை வைத்தியசாலைகள் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கின்றன. திருக்கோவிலில் எடுத்த ஈசிஜி சில விநாடிகளில் மட்டக்களப்பில் இருக்கும் நிபுணரின் கைத்தொலைபேசியில் தெரியும். அதைச் சில வைத்தியர்களின் சொந்த முயற்சிக்கும் நல்ல மனத்துக்கும் விட்டுவிடாமல், இருபத்துநான்கு மணி நேரமும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரோடு எழுத்தில் உள்ள ஏற்பாடாக ஆக்க வேண்டும். 2022க்குப் பிறகு வைத்தியர்கள் பெருமளவில் நாட்டைவிட்டுப் போயிருக்கும் நிலையில், ஒரு நிபுணரின் அறிவு எழுபது கிலோமீட்டருக்குப் பரவ வேறு வழியும் இல்லை. மாதம் ஒருமுறை அவர் திருக்கோவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் வந்து எக்கோ பார்த்து, மிட்வைஃப்மாருக்கும் தாதியருக்கும் அரை நாள் வகுப்பெடுத்தால், மட்டக்களப்பு வார்ட்டில் அவர் பார்க்கும் பல நோயாளிகள் அங்கே வராமலே இருப்பார்கள்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வந்து பெரிய இதயப் பிரிவுக்கு அடிக்கல் நாட்டுவேன் என்றால், அவரிடம் முதலில் வேறு மூன்றைக் கேளுங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஓடியோடி உழைக்கும் மிட்வைஃபுக்குப் பிரஷர் பார்க்கும் வேலையையும் சேர்ப்பதானால், கூடுதல் ஆட்களும் நல்ல இயந்திரமும் எங்கே? கிளினிக்கில் பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகள் ஒரு மாதமும் தட்டுப்படாமல் கிடைக்குமா? ஆரோக்கிய வாழ்வு நிலையம் மாலையிலும் வெள்ளி பிற்பகலிலும் திறக்குமா? இவை கட்டடத்தைவிட மலிவு, காப்பாற்றும் உயிர்களோ அதிகம்.

வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சின் நடுவில் இறுக்கமோ பாரமோ எழுந்து, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், வாய்வா இல்லையா என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் ஓங்காளமும் மட்டும் வரலாம். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வழியிலேயே கவனிப்புத் தொடங்கும். வாகனம் தாமதமானால் பக்கத்து வீட்டு ஆட்டோவில் கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள், நோயாளி தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போக விடாதீர்கள். நோவு இல்லாத இன்றைக்குச் செய்ய வேண்டியது இன்னும் எளிது: நீங்கள் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் என்றால், இந்த மாதமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஆண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.